சந்தனம் பூசிய மீட்டர்

என் பெயர் சூர்யகலா, வயது 26, தகப்பனார் பெயர் தனக்கோடி, ஆரணி கொசப்பாளையத்தில் குடியிருக்கிறேன். இராஜமாணிக்கம் என்பவரின் விசைத்தறிக் கூடத்தில் கம்ப்யூட்டரில் புடவை டிசைன் போடுகிறேன்.

எங்கள் கூடத்தில் தீப்பிடித்த அன்று, என் முதலாளி ஒரு முட்டாள் என்று நான் சொல்லவில்லை; இன்று சொல்கிறேன். விசாரிக்க வந்த ஏட்டு என்னை ஒன்றும் கேட்கவில்லை. தறி ஓட்டும் தமிழ்வாணனின் பீடியால் தீப்பிடித்தது என்று முதலாளி சொன்னார். ஏட்டு அதையே எழுதிக்கொண்டார்.

போன மாதம், ஜெனரேட்டர் டீசலை அதிகம் குடிக்கிறது என்று முதலாளி அதன் வேகத் திருகைத் தளர்த்தி இன்ஜினை மெதுவாக ஓடவிட்டார். அதன் பின்பு வோல்டேஜ் இறங்கவே, இன்னொரு திருகைத் திருப்பி அதை மட்டும் பழைய அளவுக்கு ஏற்றினார். இன்ஜின் வேகம் குறைந்தால் ஃப்ரீக்வென்சி, அதாவது கரண்ட் ஒரு நொடியில் அடிக்கும் சுற்றுகளின் எண்ணிக்கை, குறையும். இன்ஜின் தரக்கூடிய சக்தியும் குறையும். அந்த நிலையில் வோல்டேஜை மட்டும் பிடித்து வைத்தால் மோட்டார்கள் கூடுதல் கரண்ட் இழுத்துச் சூடேறும். என் கம்ப்யூட்டரின் யூபிஎஸ் அந்தக் கரண்டை ஏற்காமல் கத்தியது. அதன் பின்பு நான் முதலாளியிடம் போய்ச் சொன்னேன்.

"ஊசி நானூத்திப் பதினஞ்சுல நிக்குதும்மா. உன் பொட்டிதான் கூவிகினு கீது. தறி எதுனா கூவுதா?" என்றார்.

அது வோல்டேஜ் ஊசி. பக்கத்தில் உள்ள ஃப்ரீக்வென்சி மீட்டரின் கண்ணாடி முழுக்க, ஆயுதபூஜைக்கு அவர் அப்பிய சந்தனம் காய்ந்திருந்தது. துடைக்கப் போனேன். "பூஜ போட்டதுல கைய வெக்காத" என்றார்.

சம்பவத்தன்று கரண்ட் போய், தறிகள் ஜெனரேட்டரில் ஓடின. தமிழ்வாணன் இரண்டு கைகளாலும் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தார். நான் எதிரில் நின்றேன். பக்கத்துத் தறியின் மோட்டார் புகைந்து, அதன் பின்பு தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் பற்றியது. எரிந்த பட்டு நூலை அவர் வெறுங்கையால் இழுத்துப் போட்டார். கட்டுப் போட்ட கைகளோடுதான் அவரை ஸ்டேஷனுக்கு அழைத்து வந்தீர்கள்.

இன்று மின் ஆய்வாளர் வந்து, ஜெனரேட்டரை ஓடவிட்டு, ஈரத்துணியால் சந்தனத்தைத் துடைத்தார். ஐம்பதில் நிற்க வேண்டிய ஊசி நாற்பத்து நான்கில் நின்றது.

"நாந்தான் சார் எறக்கி வெச்சேன், டீசல் மிச்சமாவும்னு. வோல்டேஜ் பாருங்க, கரெக்டா கீது" என்றார் முதலாளி, பெருமையாக.

இதைப் படித்துக்காட்டக் கேட்டேன். 'முட்டாள்' என்ற ஒரு சொல்லை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்றேன். சொன்னதெல்லாம் நான் கண்டதும் கேட்டதும், உண்மை.

(ஒப்பம்) த. சூர்யகலா

ஒப்பமிட்ட பின் சொன்னது: தமிழ்வாணனை மாலையில் விட்டுவிட்டார்கள். முதலாளி, பூஜை போட்டதைத் துடைத்ததற்குப் பரிகாரம் என்று மீட்டருக்குப் புதிதாகச் சந்தனம் பூசினார்.