மேல் துரு

புது லாரிக்கு அடியில் துரு இருப்பது சகஜம். பதினேழு வருஷமாக இதையே சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. தொழிற்சாலையில் பூச்சும் பளபளப்பும் கண்ணுக்குத் தெரிகிற இடங்களுக்குத்தான். அடியில் இருக்கிற அச்சு, ஷாஃப்ட், போல்ட் தலை எல்லாம் பெரும்பாலும் வெறும் இரும்பு. வண்டி திறந்த யார்டில் ஒரு மழைக்காலம் நின்றால் அடிப்பக்கம் பழுப்பாகிவிடும். அதற்குப் பெயர் மேல் துரு. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, கறுப்புப் பெயிண்ட் அடித்தால் வேலை முடிந்தது.

டெலிவரிக்கு முன் புது லாரிகளைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. வாங்க வருகிறவர்கள் டார்ச்சோடு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, பழைய வண்டியைத் தலையில் கட்டப் பார்க்கிறோம் என்று குதிப்பார்கள். நான் போய்ச் சமாதானம் சொல்வேன். யார்டில் எனக்குத் ‘துரு டாக்டர்’ என்று பட்டப்பெயர். கேலிதான், ஆனாலும் கொஞ்சம் மரியாதையும் அதில் இருந்தது. நான் பார்த்துச் சரி என்றால் வேறு யாரும் மறுபடி குனிந்து பார்க்க மாட்டார்கள்.

மாப்பிள்ளையும் பார்க்கவில்லை. என் தங்கையின் கணவரைச் சொல்கிறேன். அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. குடிக்க மாட்டார். தங்கை மேல் ஒரு நாளும் கைநீட்டியதில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பின்னால் யாராவது வேறு கதை கட்டிவிடுவார்கள். பன்னிரண்டு வருஷம் அடுத்தவர் வண்டியை ஓட்டிவிட்டு, முதல்முறையாகச் சொந்த லாரி எடுத்தார். என் யார்டிலேயே எடுத்தார். “நீங்க இருக்கிற இடத்துல வாங்காம வேற எங்க மச்சான் போவேன்?” என்றார்.

அவர்கள் என் வீட்டில்தான் இருந்தார்கள். அம்மா போன பிறகு தங்கையை வளர்த்தது நான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, அதற்கு நேரம் அமையவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தங்கை மகளுக்கு ஆறு வயது. நான் வேலை முடிந்து வந்ததும் என் நகக்கண்களைப் பிடித்துப் பார்ப்பாள். பழுப்பு ஒட்டியிருந்தால் சோப்பைக் கையில் திணித்து, குழாயடிக்குத் தள்ளிக்கொண்டு போவாள். வீட்டில் அவள்தான் மேலதிகாரி.

வண்டி கைக்கு வருவதற்குப் பத்து நாள் முன்பு, சாப்பிடும்போது மாப்பிள்ளை சொன்னார். துறைமுகத்தில் நிரந்தரமாக லோடு கிடைத்திருக்கிறது, எட்டு மணி நேரத் தூரம், அங்கேயே வீடு பார்த்தாகிவிட்டது, பள்ளிக்கூடத்திலும் இடம் கிடைத்துவிட்டது என்று. தங்கை என் தட்டைப் பார்த்தபடி, “அண்ணே, லீவுக்கு லீவு வந்துருவோம்” என்றாள். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. நல்ல விஷயம்தானே என்றேன். இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்லிச் சாப்பிட்டேன். வருத்தமாக இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அழுது புரளுகிற ஆள் நான் இல்லை.

மாப்பிள்ளை தினமும் யார்டுக்கு வந்து தன் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். ஒரு நாள் அடியில் படுத்திருந்தவர் கூப்பிட்டார். “மச்சான், இதென்ன கோடு?”

ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முன்சக்கரத்தை இழுத்துத் திருப்புகிற இரும்புக் கை ஒன்று உண்டு. அதன் வளைவில் முடி கனத்துக்கு ஒரு பழுப்புக் கோடு. நான் துணியால் துடைத்தேன், போய்விட்டது. “மேல் துரு மாப்பிள்ளை. மழையில நின்னுச்சுல்ல.”

“நீங்க சொன்னா சரி” என்று எழுந்து முதுகைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

அன்றைக்கு நான் சொன்னது உண்மை என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலையில் கோடு அதே இடத்தில் இருந்தது. துடைத்தேன். அதற்கு மறுநாளும் வந்தது. மேல் துரு அப்படி வராது, பரவலாகப் படரும். இப்படி ஒரே கோடாகத் திரும்பத் திரும்ப வந்தால், உள்ளே ஈரம் தங்க இடம் இருக்கிறது என்று அர்த்தம். எங்களிடம் இதற்கு ஒரு பழைய சோதனை உண்டு. மண்ணெண்ணெய் தடவி ஊறவிட்டு, நன்றாகத் துடைத்து, மேலே சாக்பீஸ் தேய்ப்போம். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து வெள்ளையில் ஈரக் கோடு போடும். மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபோது செய்துபார்த்தேன். ஐந்து நிமிஷத்தில் கோடு வந்தது, வளைவில் பாதிச் சுற்றளவுக்கு.

சோதனைப் படிவத்தில் ஒரு வரி எழுதினால் போதும், இரண்டு நாளில் பாகத்தை மாற்றியிருப்பார்கள். இரண்டு நாள் தாமதமாக அவர்கள் கிளம்பியிருப்பார்கள். அதை நான் யோசித்தேன். யோசிக்காமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன்.

விரிசலை நான் உண்டாக்கவில்லை. அது தொழிற்சாலையில் அந்தக் கையைச் செய்யும்போதே வந்திருக்கும். நான் ரம்பம் வைத்து அறுக்கவில்லை, ஒரு போல்ட்டைத் தளர்த்தவில்லை. சாக்பீஸைத் துடைத்தேன். எல்லா லாரிக்கும் அடிக்கிற அதே கறுப்புப் பெயிண்டை எடுத்து அடித்தேன். காயவிட்டு இரண்டாவது பூச்சும் அடித்தேன். பெயிண்டர் வந்து, “என்ன டாக்டரே, நீங்களே பிரஷ்ஷைப் பிடிச்சுட்டீங்க?” என்றார். சொந்தக்காரர் வண்டி என்றேன். சிரித்தார். படிவத்தில் எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டுக் கையெழுத்திட்டேன். நீங்கள் மேஜைமேல் வைத்திருக்கிற கையெழுத்து அதுதான்.

அவர் சாக வேண்டும் என்று நினைத்தாயா என்று நேற்றிலிருந்து இந்த ஸ்டேஷனில் கேட்கிறீர்கள். இல்லை. எங்காவது சமதரையில் உடைந்து, வண்டி ஓரமாக நிற்கும் என்று நினைத்தேன். சொந்த வண்டியே வேண்டாம் என்று அவருக்குச் சலித்துப்போகும், பழைய முதலாளியிடம் திரும்பிவிடுவார், மூன்று பேரும் என் வீட்டிலேயே இருப்பார்கள். நான் வேண்டியது அவ்வளவுதான். அது மலைச்சரிவின் நாலாவது வளைவுவரை தாங்கியதற்கு நான் என்ன செய்ய முடியும்?

புறப்பட்ட காலையில் தங்கையும் குழந்தையும் கேபினில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். குழந்தை ஹார்னை அழுத்தி அழுத்தித் தெருவையே எழுப்பிக்கொண்டிருந்தாள். நான் கதவைத் திறந்து, இறங்குங்கள் என்றேன். சாமானோடு மாப்பிள்ளை முன்னால் போகட்டும், நீங்கள் பஸ்ஸில் வாருங்கள் என்றேன். “அண்ணே, அவ ஆசைப்படுறா” என்றாள் தங்கை. குழந்தைக்கு லாரி ஆட்டம் ஒத்துக்காது என்று சொல்லி, அவளை நானே தூக்கி இறக்கினேன். கதவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். விரல்களை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டியிருந்தது.

தங்கை இப்போது அதிகம் பேசுவதில்லை. மாப்பிள்ளையின் காரியம் முடிந்த மறுநாள் மட்டும் வந்து என் கைகளைப் பிடித்துக்கொண்டாள். “அன்னைக்கு நீ இறக்கிவிடலன்னா நாங்களும் போயிருப்போம்ணே. நீதான் காப்பாத்துன.”

நான் மறுக்கவில்லை. யோசித்துப் பாருங்கள், அதில் பொய் எதுவும் இல்லை.