டிவிக்கு முதுகு காட்டி உட்கார்ந்த மச்சான்

இந்தப் போலீஸ் ஸ்டேஷன் காப்பியை ஊரில் ஏன் திட்டுகிறார்கள் என்று தெரியவில்லை, ஐயா. எனக்குப் பிடித்திருக்கிறது. நான் நின்றுகொண்டே பேசலாமா? ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எங்கே உட்கார்ந்தாலும் கால் தானாக ஆடுகிறது. கால் ஆடினால் மேசை ஆடும், அப்புறம் எழுதிக்கொள்கிற தம்பிக்குத்தான் சிரமம்.

பெயர் உபால்தோ. முப்பத்தொரு வருடம் போர்கோமால்வாவில் தபால்காரன். இந்த ஊரில் என்னைக் கடிக்காத நாய் இன்னும் பிறக்கவில்லை. எர்மேத்தே என் தங்கை ஒர்னெல்லாவின் கணவர். நிவேஸின் காப்பிக் கடையில், ஆட்டம் முடிந்தபோது, அவர் நாற்காலியிலேயே இறந்து கிடந்தார் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். எப்படி என்று சொல்ல வேண்டுமானால் ஆகஸ்டிலிருந்து தொடங்க வேண்டும்.

எங்கள் ஊர்க் கால்பந்து அணி நாற்பத்தாறு வருடமாக மூன்றாம் பிரிவிலேயே கிடந்தது. ஆகஸ்டில் முதல் ஆட்டம். நிவேஸின் டிவி முன்னால் பதினோரு பேர். எர்மேத்தேயின் ஸ்பூன் கீழே விழுந்தது. எடுக்கத் திரும்பினார். நாங்கள் கோல் போட்டோம். அடுத்த வாரம் அவர் ஒழுங்காக டிவியைப் பார்த்து உட்கார்ந்தார், தோற்றோம். மூன்றாம் வாரம் அவர் நாற்காலியை நானே திருப்பிப் போட்டேன். டிவிக்கு முதுகு, முகத்துக்கு நேரே ஐஸ்கிரீம் பெட்டி. வென்றோம்.

நீங்கள் மாற்றலாகி வந்தவர். உங்கள் ஊரிலும் ஸ்காரமன்சியா, அதாவது துரதிர்ஷ்டம் அண்டாமல் பார்த்துக்கொள்கிற முறை, இருக்கும்தானே? மூடநம்பிக்கை என்று சொல்லாதீர்கள். மூடர்கள் நம்புகிறார்கள், நாங்கள் நம்புவதில்லை, கடைப்பிடிக்கிறோம். கோல் விழுந்தபோது யார் எப்படி இருந்தாரோ அப்படியே இருக்க வேண்டும். பேக்கரி ஜெனோ டிசம்பரிலிருந்து ஒற்றைக் கால் ஷூவோடு ஆட்டம் பார்த்தான். நிவேஸ் சமையலறையில் மீன் பொரித்துக்கொண்டிருந்தபோது ஒரு கோல் விழுந்ததால், இரண்டாம் பாதி முழுக்க அவளுக்குச் சமையலறைதான். சொந்தக் கடையில் அவள் இரண்டாம் பாதிக் கோல் ஒன்றும் பார்த்ததில்லை. எனக்கு எர்மேத்தேயின் பின்னால் நின்று, அவர் இடது தோளில் கை வைத்திருக்க வேண்டிய இடம். நவம்பரில் அப்படி இருந்தபோது பெனால்டி உள்ளே போனது.

எர்மேத்தே குறைப்பட்டுக்கொண்டதே இல்லை.

"மச்சான், யார் அடிச்சது? தலையாலயா காலாலயா?" என்று மட்டும் கேட்பார்.

"தலையால. இடது மூலை."

"அழகா இருந்துச்சா?"

"உன் கல்யாணத்தைவிட அழகு."

ஒரு பருவம் முழுக்க அவர் ஐஸ்கிரீம் விலைப் பட்டியலைத்தான் பார்த்தார். மனப்பாடமாகச் சொல்வார்.

மார்ச் மாதம் நாட்டு அணிக்கு உலகக் கோப்பைக்குப் போகக் கடைசி வாய்ப்பு. அதே கடை, அதே நாற்காலிகள். ஒன்றுக்கு ஒன்று என்று நிற்கிறது. இன்னும் நான்கு நிமிடம். எர்மேத்தே எழுந்து கழிப்பறைக்குப் போனார். அறுபத்தெட்டு வயது, நீர்த்தொல்லை. அவர் பேன்ட்டை மாட்டுவதற்குள் எதிரணி கோல் போட்டுவிட்டது. ஒரு நாடே வீட்டில் உட்கார்ந்தது, அவர் ஒருவர் எழுந்ததால்.

நாங்கள் அடிக்கவில்லை, திட்டவில்லை. பேசாமல் விட்டோம், அவ்வளவுதான். ஐந்து வாரம். அவர் கடைக்குள் வந்தால் ஜெனோ கெட்ட சகுனம் ஒட்டாமலிருக்கக் கால்சட்டைப் பைக்குள் கைவிட்டு இரும்புச் சாவியைத் தொடுவான். ஒருநாள் சந்தையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மச்சான், இனிமே எந்திரிக்க மாட்டேன். மாதா மேல சத்தியம்" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கும் கலங்கியது. நான் அப்படிப்பட்டவன், ஐயா. யாராவது அழுதால் தாங்க மாட்டேன். அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொன்னதே நான்தான்.

பிறகு ஞாயிறு. இரண்டாம் பிரிவுக்குப் போகிற இறுதி ஆட்டம், மாலை ஐந்தரைக்கு. அறுபத்தொன்றாம் நிமிடத்தில் கோல் போட்டோம். ஒன்று, பூஜ்யம். அதற்குப் பிறகு என்னால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. நிற்கத்தான் வேண்டும். உள்ளுக்குள்தான் ஓடிக்கொண்டிருந்தேன். கடிகாரத்தைப் பார்ப்பது, டிவியைப் பார்ப்பது, மறுபடி கடிகாரம். எதிரணிக்கு மூன்று கார்னர். பந்து ஒருமுறை கம்பத்தில் பட்டது.

எழுபத்தெட்டாம் நிமிடத்தில் எர்மேத்தே மெல்லச் சொன்னார். "மச்சான், நெஞ்ச அடைக்குது."

"எனக்கும்தான் அடைக்குது. ஊருக்கே அடைக்குது."

"இல்ல மச்சான். கை மரத்துப்போச்சு. கொஞ்சம் வெளிய போய்க் காத்து வாங்கிக்கிறேன்."

"மார்ச்ல வாங்குன காத்து பத்தலையா?"

எழவில்லை, அப்படியே உட்கார்ந்திருந்தார். சொன்னால் கேட்கிற மனிதர். எனக்கு அவரிடம் பிடித்ததே அதுதான்.

மற்ற எல்லோரும் டிவியைப் பார்த்து இருந்தார்கள். எங்கள் பக்கம் அவர்களுடைய முதுகுதான். எர்மேத்தேயின் முகம் ஐஸ்கிரீம் பெட்டியின் கண்ணாடியில் தெரிந்தது. வேறு யாருக்கும் தெரிய வழியில்லை. ஜெனோவை நீங்கள் விட்டுவிடலாம். எர்மேத்தேயின் முகம் சாம்பல் நிறம். நெற்றியில் வியர்வை. நான் அடிக்கடி அந்தக் கண்ணாடியைப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. கழுத்தைத் திருப்பி ஆட்டமும் பார்க்க வேண்டியிருந்தது.

நிவேஸ் சமையலறையிலிருந்து கேட்டாள். "யாருய்யா அங்க முனகுறது?"

"எர்மேத்தே. ஜெபம் பண்றான்" என்றேன்.

"எனக்கும் சேத்துப் பண்ணச் சொல்லு."

கூடுதல் நேரம் ஆறு நிமிடம் என்று பலகை காட்டினார்கள். ஆறு நிமிடம் அநியாயம், யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அப்போதுதான் அவர் எழப் பார்த்தார். நீங்கள் கேட்ட அந்தத் தோள்பட்டைக் கன்றல் அதுதான். கை ஏற்கனவே அங்கேதான் இருந்தது. நான் கொஞ்சம் அழுத்தினேன். இரண்டாவது தடவை எழப் பார்த்தபோது இன்னும் கொஞ்சம். மூன்றாவது தடவை பெரிய பலம் ஒன்றும் தேவைப்படவில்லை. "ஒர்னெல்லா" என்றார். "வீட்ல இருக்கா, பத்திரமா இருக்கா" என்றேன். பொய் சொல்லவில்லை.

விசில் ஊதியதும் கையை எடுத்துவிட்டேன். "மாப்ளே, ஜெயிச்சுட்டோம். இப்ப எந்திரிக்கலாம்" என்று முதலில் அவரிடம்தான் சொன்னேன். அதற்குப் பிறகுதான் மற்றவர்களோடு சதுக்கத்துக்கு ஓடினேன். கோயில் மணி அடித்தார்கள். நிவேஸ்தான் அவரைப் பார்த்துவிட்டுக் கத்தினாளாம். சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.

மருத்துவமனை நான்கு கிலோமீட்டர்தான், எழுபத்தெட்டாம் நிமிடத்தில் கிளப்பியிருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னதாகச் சொல்கிறீர்கள். இருக்கலாம். டாக்டருக்கு அவருடைய கணக்கு.

மாரடைப்பு என்று எனக்கு அப்போதே தெரிந்ததா என்கிறீர்கள். தெரிந்தது. அந்தச் சாம்பல் நிறம், அந்த வியர்வை, மரத்துப்போகிற கை, எல்லாம் தெரியும். நான்கு வருடத்துக்கு முன்னால் எனக்கே வந்தது. அதே கடையில், ஆட்டத்துக்கு நடுவில். இரண்டுக்கு ஒன்று என்று முன்னணியில் இருந்தோம். எர்மேத்தே யாரையும் கேட்கவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, என்னை முதுகில் தூக்கிக்கொண்டு படியிறங்கிக் காரில் போட்டு, பதினொரு நிமிடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

அன்றைக்கு மூன்றுக்கு இரண்டு என்று தோற்றோம், ஐயா. ஆனாலும் அவரை நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மன்னித்துவிட்டேன்.