பல் டாக்டர் வீடியோவுக்குச் சத்தம் போன கதை

...அநியாயம் சார், பட்டப்பகல் அநியாயம்! வாய மூடாதீங்க, இன்னும் பெருசா... ம், அப்படியே இருங்க. பல் டாக்டர் வீடியோ போட்டா அதுல ஒரு பாட்டு இருக்கக் கூடாதா? பாட்டு கம்பெனிக்கும் அந்தக் குட்டி வீடியோ ஆப்காரனுக்கும் ஒத்துவரலையாம். 'எங்க பாட்டையெல்லாம் எடு'ன்னு இவங்க, 'எடுத்துட்டேன் போ'ன்னு அவன். நடுவுல நான் என்ன சார் பாவம் பண்ணேன்?

என் வீடியோ பாத்திருப்பீங்களே? பாக்கலையா! நாலு லட்சம் பேர் பாத்தது சார். பேஷண்ட் இதே நாற்காலியில சாஞ்சிருப்பாங்க, காதல் பாட்டு ஓடும், அவங்க வாயத் திறந்து பாடுற மாதிரி அசைப்பாங்க, நான் பின்னால டிரில்லத் தூக்கிக்கிட்டு இடுப்ப ஆட்டுவேன். ஒரு டீச்சரம்மா, கண்ண மூடி, கைய விரிச்சு, உச்சத்துல... அடடா! அதப் பாத்துட்டு வெளிய பெஞ்சு பத்தாம நின்னுது சார் ஜனம்.

இப்ப சத்தத்த மட்டும் எடுத்துட்டான். படத்த விட்டுட்டான், அதான் கொடுமை! பாட்டில்லாம அதப் பாருங்க... அந்தம்மா கைய விரிச்சுக் கதறுறாங்க, நான் டிரில்லும் கையுமா பின்னால சிரிச்சுக்கிட்டே ஆடுறேன்! பதினோரு நாளாச்சு, ஒரு ஈ காக்கா வரல. நீங்கதான் முதல் ஆளு. நீங்க வீடியோ பாக்கல, அதனால வந்தீங்க. நல்லா இருங்க.

நாக்கத் தள்ளாதீங்க சார்.

சண்டைய யாரு ஆரம்பிச்சதுங்கறீங்களா? அது... விடுங்க. ஒண்ணுமில்ல, என் தங்கச்சி வீட்டுக்காரரு, அவரும் பல் டாக்டருதான், அடுத்த தெருவுல. அவரும் அதே பாட்டுக்கு ஆடிட்டாரு. ஆறு லட்சம் பேர்! மாப்பிள்ளையாச்சே, வாய்விட்டுத் திட்டவும் முடியாது. சரின்னு பாட்டு கம்பெனிக்கு ஒரே ஒரு லெட்டர் போட்டேன். 'உங்க பாட்ட ஒருத்தர் கேக்காம எடுத்து ஆடுறாரு'ன்னு. அவ்வளவுதான் சார்! அவங்க தோண்டிப் பாத்திருக்காங்க. பாத்தா ஊரே ஆடுது. அதுல நானும் ஆடுறேன். அப்புறம்தான் 'என்னய்யா இது'ன்னு ஆப்காரன் வாசல்ல போய் நின்னிருக்காங்க. நான் யாரைக் கேட்டு ஆடுனேன்? சத்தியமா எனக்கு அது தோணவே இல்ல சார். அம்பது வயசுக்கு மேல ஒரு மனுஷனுக்கு இப்படிப் பொறாமை எங்கேருந்து வருது, சொல்லுங்க? அவரு என் தங்கச்சிய நல்லாத்தான் வச்சிருக்காரு...

போகட்டும். இனிமே பாட்டே வேணாம். லைவ்! இந்த டாக்டர் தொட்டா வலிக்காதுன்னு நேராவே காட்டிடுவோம். ஃபோன விளக்குக் கம்பியில மாட்டிட்டேன், அங்க பாத்துச் சிரிங்க. 'வணக்கம் நண்பர்களே! பாருங்க, சார் எவ்வளவு நிம்மதியா சாஞ்சிருக்காரு... இப்ப டிரில்ல வைக்கிறேன், ஒண்ணுமே தெரியாது...'

ஐயய்யோ! சார்! கடிக்காதீங்க, வெரல விடுங்க சார்! மரத்துப்போற ஊசிதான் அப்பவே போட்டேனே... போட்டேன்ல?

...போடலையா?

சார், கழுத்துத் துணியோட ஓடாதீங்க! சார்! படி, பாத்து...

நண்பர்களே, அது வந்து... இருங்க, யாரோ கமெண்ட்ல என்னமோ எழுதுறாங்க... அட, நம்ம மாப்பிள்ளை. 'மச்சான், இந்தத் தடவ சத்தம் தெளிவா வருது.'