காற்று கலந்த ஜாடி

– போட மாட்டேன்னா போட மாட்டேன், ராஜாங்கம். உம்ம மகளோட ரெக்கார்டு நோட்டு அந்தா மேசை மேல கெடக்கு. தூக்கிட்டுப் போவும்.

– கையெழுத்து இல்லாத நோட்டை வெச்சிகினு நான் என்னா சார் பண்றது? திங்கக்கிழம பிராக்டிகல் பரிச்சை. நோட்டுல கெமிஸ்ட்ரி வாத்தியார் கையெழுத்து இல்லன்னா லேப் வாசல்லயே நிறுத்திடுவாங்களாம். பெரியநாயகி ரெண்டு நாளா சோறு துன்னல. பிளஸ் டூவுல ஒரு வருஷம் போச்சுன்னா எங்க வூட்டுல மறுபடி யாரு படிக்க வெப்பாங்க?

– போகட்டும்வே. நாப்பது பிள்ளைக பாக்க, இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த ஆபீசரும் பாக்க, எங்கையில இருந்த தீப்பெட்டியப் பிடுங்கித் தண்ணித் தொட்டியில போட்டாளே. அப்ப எங்க போச்சு இந்த வருஷக் கணக்கு?

– ஜாடிக்குள்ள இன்னும் காத்து இருக்குது, பத்த வெக்காதீங்கன்னு மூணு தடவ சொல்லிச்சாம். நீங்க காதுல வாங்கலியாம்.

– காதுல வாங்கணுமோ? இருவத்திரெண்டு வருஷமா துத்தநாகத்துல ஆசிட்டை ஊத்தி ஹைட்ரஜன் எடுத்துக் காட்டுதேன். தைப்பூசத்துக்கு வடலூர்ல பலூன் விக்கவன் மக எனக்குப் பாடம் எடுப்பாளாக்கும்.

– பலூன் விக்கிறவன்தான் சார். நிலக்கரி மைன்ஸுல கான்ட்ராக்ட் வேல இல்லாத நாள்ல அதான் எங்க பொழப்பு. அலுமினியத் துண்டு, காஸ்டிக் சோடா, தண்ணி, மூணையும் சிலிண்டர்ல போட்டா உங்க ஜாடியில வர்ற அதே ஹைட்ரஜன்தான் வருது. மொதல்ல வர்றத வெளிய வுட்டுடணும். உள்ள இருந்த காத்தும் அதோட கலந்து வரும். சும்மா ஹைட்ரஜன் குழா வாயில அடங்கி எரியும். காத்து கலந்துட்டா சிலிண்டரே வெடிக்கும். இது எங்க தொழில்ல கை வெக்கிற எவனுக்கும் மொத நாளே சொல்றது.

– தெரியும்வே. சின்னக் குழாயில கொஞ்சம் பிடிச்சு, தள்ளிக் கொண்டுபோய்த் தீயில காட்டணும். சத்தமில்லாம எரிஞ்சா சுத்தம். பாடத்துலயே இருக்கு.

– நீங்க அன்னிக்கு அப்பிடிப் பாத்தீங்களா?

– ஆபீசருக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு. சீக்கிரம் காட்டுங்கன்னு நின்னாரு.

– பாக்கல.

– உம்ம மகளுக்கு வாய் நீளம்வே, அதைச் சொல்லும். அரைப் பரிச்சையில ஹைட்ரஜனோட இடம் எதுன்னு அஞ்சு மார்க் கேள்வி. சொவத்துல சார்ட் தொங்குது. முதல் தொகுதி, லித்தியத்துக்கு மேல. கண்ணைத் தொறந்து பாத்தாலே போதும். இவ ரெண்டு பக்கம் எழுதி, அதுக்கு அந்த இடம் கெடையாது, தனியா கட்டம் போடணும்னு வச்சிருக்கா. முட்டை போட்டேன்.

– வூட்ல எனக்கும் சொல்லிச்சு சார். லித்தியம், சோடியம் மாதிரி இதுக்கும் வெளிய ஒரே எலக்ட்ரான். ஆனா அதுங்க உலோகம், இது வாயு. சமயத்துல குளோரின் மாதிரி இன்னொரு எலக்ட்ரான வாங்கிகினு எதிர் மின்சாரமும் ஏத்துக்குமாம். ரெண்டு சாதியிலயும் பாதி பாதி ஒத்துப் போறத ஒரு பக்கமா தள்ளினா எப்பிடின்னு கேட்டுச்சு. பொஸ்தகத்துலயே இதுக்கு நெலையான எடம் இல்லன்னு போட்டிருக்காமே?

– போட்டிருக்கு. அதை நான் சொல்லணும். அவ சொல்லக் கூடாது.

– இது என்னா நியாயம் சார்?

– வகுப்பு நடத்துத நியாயம். சுரங்கத்துக்கு ஊரை எழுதிக் குடுத்துட்டு வந்து டவுன்ஷிப் பிளாக்ல குந்தினதும் கம்பெனியே உங்களுதுன்னு நெனைப்பு. பிள்ளைகளுக்கும் அதே திமிரு.

– எழுதிக் குடுக்கல சார், எடுத்துகினாங்க. அத வுடுங்க. நான் சண்டைக்கு வரல, கையெழுத்துக்கு வந்தேன். என்னா பண்ணினா போடுவீங்க?

– அப்படி வாரும் வழிக்கு. எச்.எம். எங்கிட்ட விளக்கம் கேட்டு மெமோ குடுத்திருக்காரு. வாயுவை டெஸ்ட் பண்ணாம பத்த வைக்கப் போனது உண்மையான்னு. அடுத்த மாசம் எனக்குப் பிரமோஷன் வரணும், கேட்டீரா? உம்ம மக நாலு வரி எழுதித் தரட்டும். சார் ஏற்கெனவே டெஸ்ட் பண்ணிட்டாரு, நான்தான் பயத்துல தெரியாம நடந்துக்கிட்டேன்னு. லெட்டர் இந்தக் கையில வந்தா அந்தக் கையில கையெழுத்து.

– பொய் எழுதச் சொல்றீங்க.

– எது பொய்? அவ பயந்தது நெசந்தானே. போன தைப்பூசத்துல உம்ம மச்சினன் வேணு சிலிண்டர் பக்கத்துல பீடி பத்த வச்சு, அது வெடிச்சுச் செத்தான். பிள்ளை கூட நின்னு பாத்தா. தீக்குச்சியக் கண்டாலே நடுங்கும்தானே? எவனோ புத்தியில்லாம பீடி குடிச்சதுக்கு என் பிரமோஷனா போகணும்?

– வேணுவ அப்பிடிச் சொல்லாதீங்க சார்.

– ஏன், போலீசு ரிப்போர்ட்டுலயே இருக்குல்லா. நீரே எழுதிக் குடுத்ததுதான. உம்ம பேரு கெடாமப் பொழைச்சீரு. உம்ம மகளும் அதே மாதிரி நாலு வரி எழுதிட்டுப் பொழைக்கட்டுமே.

– நேத்தே எச்.எம். ஆபீஸ் பியூன் வந்து, நீங்க இப்பிடி ஒரு லெட்டர் கேப்பீங்கன்னு சொன்னான். வேற வழி எதுனா சொல்லுவீங்களான்னுதான் இப்ப கேட்டேன். அவகிட்ட கேட்டுப் பாத்தேன். கால்ல வுழாத கொறயா கேட்டேன், மாட்டேன்னுட்டா.

– பெத்தவன் சொல்லிக் கேக்காத பிள்ளையா? ரெண்டு அறை வச்சா எழுதுதா.

– அடிக்க எனக்குக் கை வராது சார்.

– பெரிய மகாத்மா.

– மகாத்மாவா? தைப்பூசத்தன்னிக்குக் கூட்டம் நெருக்குச்சு. கொழந்தைங்கள வெச்சிகினு பலூனுக்குக் கத்துறாங்க. வேணு காத்த வெளிய வுடலாம் மாமான்னான். நேரமாவுது மூடுடான்னேன். மூடினான். குனிஞ்சு குழாய மாட்டிகினு இருந்தான். அப்புறம் ஸ்டேஷன்ல வெச்சு, வேணுதான் பீடி பத்த வெச்சான்னு நான் கையெழுத்து போட்டப்போ, பெரியநாயகி என் பக்கத்துல நின்னுகினு இருந்தா. என் மூஞ்சியவே பாத்துகினு இருந்தா. அவகிட்ட மறுபடி போயி ஒரு பொய் எழுதுடின்னு நான் எந்த வாயால சார் சொல்றது? வேணுவுக்கு பீடிப் பழக்கமே கெடையாது. பத்த வெச்சது நான்.