இரும்பன் திறந்த கதவு

மங்காவை வலது பக்கத்திலிருந்து படிக்க வேண்டும், மாமா. ஜப்பான்காரர்களின் படக்கதைப் புத்தகம் எல்லாமே அப்படித்தான். நீங்கள் நம் வழக்கப்படி அட்டையைத் திறந்ததால் முதலிலேயே கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டீர்கள். படத்துக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை என்பது, புத்தகத்தை உங்கள் வீட்டில் விட்டுவந்த அன்றைக்கு எனக்குத் தோன்றாமல் போயிற்று.

உட்காருங்கள், சொல்கிறேன். நீங்கள் கேட்காவிட்டாலும் என்றைக்காவது சொல்லியிருப்பேன்.

அந்தப் பழைய ரோபோ தொடரை நான் பள்ளிக்கூட நாட்களிலிருந்து பார்க்கிறேன். இரும்பன் என்று நாங்கள் செல்லமாகக் கூப்பிடும் அந்த ரோபோவின் தோளில் எந்தச் சண்டையில் கீறல் விழுந்தது என்பதுவரை எனக்கு அத்துப்படி. அதற்காகவே ஜப்பானிய மொழி படித்தேன். ரசிகர் குழுவில் என் பெயரே 'அகராதி'. யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் வருவார்கள்.

அப்புறம் உங்கள் மனைவி வந்து சேர்ந்தார். பல் மருத்துவர், தொடரையே நடுவயதில்தான் முதல்முறை பார்த்தவர். வந்த வேகத்தில் எல்லோருக்கும் அக்கா ஆகிவிட்டார். எனக்கும்தான்.

தொடரின் முடிவில் இரும்பன் கடலில் மூழ்கும். அதை ஓட்டும் சிறுமியும் உள்ளேயே மூழ்கிப்போவாள். அதே கதையை மங்காவாக வரையப் போகிறார்கள் என்று செய்தி வந்தபோது அக்கா ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

"பாருங்க, இந்தத் தடவ இரும்பன் கதவத் திறந்து பொண்ண வெளிய அனுப்பிடும். கூடவே வெச்சு வளத்த பிள்ளைய அது சாக விடாது."

அசலில் கைவைக்க மாட்டார்கள் என்று நான் ஆதாரங்களை அடுக்கினேன். குழுவே அக்கா பக்கம் சாய்ந்தது. "அட போ அகராதி, அக்கா சொல்றதுல உயிர் இருக்கு" என்றார்கள். எனக்கு வயிறு பற்றி எரிந்தது, மாமா. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

பிறகு நோய் வந்தது, அக்காவின் பார்வையும் போனது. அந்த நிலையிலும் குழுவில் அக்காவின் கணிப்பைப் பற்றித்தான் பேச்சு. என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை. கடைசிப் பாகம் வெளிவந்ததும் நீங்களே போன் செய்தீர்கள். "அதுக்காகத்தான் உசுரக் கையில பிடிச்சிட்டிருக்கா. வந்து படிச்சுக் காட்டுப்பா."

வருமுன் வீட்டில் ஒருமுறை படித்தேன். அக்கா சொன்னது அச்சுப் பிசகாமல் இருந்தது. இரும்பன் கதவைத் திறக்கிறது, சிறுமி நீந்தி மேலே வருகிறாள்.

கட்டிலருகே உட்கார்ந்து ஒவ்வொரு படமாக விவரித்தேன். கடல்வரை எல்லாம் உள்ளது உள்ளபடி. அதற்குமேல் பழைய முடிவைச் சொன்னேன்.

"கதவு?" என்றார்.

"திறக்கலக்கா."

"நல்லாப் பாரு, தம்பி."

"பாத்துட்டேன். மூடித்தான் இருக்கு."

அப்போது நீங்கள் காப்பியோடு வாசலில் நின்றீர்கள். உங்கள் காதில் விழுந்தது அதுதான். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார், களைப்பு என்று நினைத்துக் கதவைச் சாத்தினீர்கள். அதற்குப் பிறகு ஒரு வாய் தண்ணீர்கூட வாங்க மறுத்தே போய்விட்டார் என்று நீங்கள் போனில் அழுதபோது, அது நோயின் வேலை என்று உங்களைத் தேற்றினேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆமாம், தெரிந்தேதான் சொன்னேன். ஆனால் நான் எதையும் இட்டுக்கட்டவில்லை. தொடரில் உள்ள முடிவு அதுதானே.

இன்னொன்று உங்களுக்குத் தெரியாது. திரும்பிப் படுக்குமுன் அக்கா தடவித் தடவி என் கையைப் பிடித்தார். "நீ சொன்னதுதான் சரி, தம்பி" என்றார். இத்தனை வருஷத்தில் குழுவில் ஒருவர்கூட என்னிடம் சொல்லாத வார்த்தை. அக்கா அதை மனசாரச் சொன்னார், மாமா. அதில் துளிகூடப் பொய் கிடையாது.