கறுப்புத் துணிப்பை தொடர்பாக நான் முதலில் மறைத்தவை

என் பெயர் தர்மிகா பாலச்சந்திரன். வயது 25. ஷ்லீரன், பாடனர் வீதியில் தாய் ஜெயகௌரியுடன் வசிக்கிறேன். சட்டம் படிக்கும் மாணவி. அகதிகளுக்கான ஓர் ஆலோசனை நிலையத்தில் வாரத்தில் இரண்டு நாட்கள் தமிழ், ஜேர்மன் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். சுவிஸ் குடியுரிமை கேட்டு நான் கொடுத்த விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது. 2026 ஏப்ரல் 9ஆம் திகதி வியாழக்கிழமை காலை 9.10 மணிக்கு, சூரிச்சில், விசாரணை அதிகாரியின் முன்னிலையில், அழைக்கப்படாமல் நானாக வந்து இதைச் சொல்கிறேன்.

எனக்கு ஜேர்மன் மொழி நன்றாகத் தெரியும் என்பதை அதிகாரி குறித்துக்கொண்டார். இருந்தும் தமிழில் சொல்கிறேன். இதில் முக்கியமான பேச்சு தமிழில் நடந்தது. அதை நானே ஜேர்மனில் சொல்லி ஒருமுறை கெடுத்துவிட்டேன். திரு. சிறீதரன் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறார்.

மார்ச் 14ஆம் திகதி சனிக்கிழமை சம்பவ இடத்தில் நான் பொலிசாரிடம், திரு. இராஜசிங்கம் தலையில் பை மாட்டச் சம்மதித்திருந்தார் என்று கூறினேன். அது பொய். அந்தப் பொய்யை வைத்து அவர் மீது உடற்காய வழக்கு நடக்கிறது. இராஜசிங்கத்துக்கு வயது 44. இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் சமையலறையில் சட்டி பானை கழுவுகிறார். தற்காலிக அனுமதியில் இருக்கிறார். நிரந்தரமாகத் தங்கும் அனுமதி கேட்டு இந்த ஜனவரியில் அவர் விண்ணப்பித்தபோது மொழிபெயர்த்தது நான். இந்த வழக்கில் தண்டனை கிடைத்தால் அந்த விண்ணப்பம் முடிந்தது. கையில் இருக்கும் அனுமதியும் போகலாம்.

விண்ணப்பத்துக்காக அவருடைய கோப்பு முழுவதையும் வாசித்திருந்தேன். 2009இல் இலங்கையில், வவுனியாப் பக்கத்தில் ஓர் இராணுவ முகாமில் அவரைத் தடுத்து வைத்திருந்தபோது, பெற்றோல் ஊற்றிய பொலித்தீன் பையைத் தலையில் மாட்டிக் கழுத்தில் இறுக்கியிருக்கிறார்கள். எத்தனை தடவை என்ற கேள்விக்கு அவர் கொடுத்த பதில், எண்ணவில்லை என்பது. ஆகவே எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது.

நான் ஒரு மாணவர் குழுவில் இருக்கிறேன். குழுவின் தலைவர் ரெட்டோ, வயது 31. அமெரிக்கா ஆட்களை விசாரணையில்லாமல் அடைத்து வைப்பதையும், தனக்கு வேண்டாதவர்களை வேறு நாட்டுச் சிறைகளுக்கு ஏற்றி அனுப்புவதையும், இதைப் பார்த்துக்கொண்டு ஐரோப்பிய அரசுகள் வாய்மூடி இருப்பதையும் கண்டித்து, சூரிச் ஹெல்வெட்டியா சதுக்கத்தில் ஒரு நிகழ்வு நடத்த முடிவு செய்தோம். இன்றும் அந்தக் கண்டனத்தில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கட்டடவேலை நடக்கும் இடங்களில் வைக்கும் கம்பி வேலியால் ஒரு கூண்டு செய்வது, உள்ளே மூன்று பேர் செம்மஞ்சள் உடையுடன், தலையில் கறுப்புத் துணிப்பையுடன் முழங்காலில் இருப்பது, ஒருவர் காவலாளியாக நடிப்பது என்பது திட்டம். அதன் பின்னர் ரெட்டோ, உண்மையாக அடைபட்டிருந்த ஒருவர் பேசினால் நன்றாக இருக்கும் என்றார். அமெரிக்கா அடைத்த ஆள் எங்களுக்கு எங்கே கிடைக்கும் என்று ஒருவர் கேட்டார். யார் அடைத்தாலும் பரவாயில்லை, அடைபட்டிருந்தால் போதும் என்றார் ரெட்டோ. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதன் பின்னர் என்னிடம் ஓர் ஆள் இருக்கிறார் என்று சொன்னேன்.

தொலைபேசியில் கேட்டேன். இராஜசிங்கம் உடனே சம்மதித்தார். "நீங்கள் எனக்கு எவ்வளவு எழுதித் தந்தனீங்கள். பிள்ளை கேட்டா மாட்டன் எண்டு எப்பிடிச் சொல்லுறது? வாறன்" என்றார்.

14ஆம் திகதி காலை பதினொன்றரை மணிக்கு அவர் ரயிலில் வந்து இறங்கினார். இஸ்திரி போட்ட நீலச் சட்டை அணிந்திருந்தார். ஒரு பெட்டி நிறைய மரக்கறி ரோல்ஸ் கொண்டுவந்திருந்தார். நாற்பது இருக்கும். போராட வந்த பிள்ளைகள் பசியோடு நிற்பார்கள் என்று ஹோட்டல் சமையலறையில் விடியப் பொரித்ததாகச் சொன்னார். குழுவினர் நின்றபடியே எல்லாவற்றையும் சாப்பிட்டு முடித்தார்கள்.

அதன் பின்னர் அவர் பேசுவதற்காகத் தமிழில் எழுதிய இரண்டு தாள்களை என்னிடம் தந்தார். ஒவ்வொரு பந்தியாக நான் ஜேர்மனில் வாசிப்பதென்று ஏற்பாடு. முதலாம் தாளில் இலங்கை முகாம் இருந்தது. இரண்டாம் தாளில், 2018இல் இந்த நாட்டில், நாடு கடத்துவதற்காக அவரை ஒன்பது மாதம் அடைத்து வைத்தது பற்றியும், விசேட விமானத்துக்குக் கொண்டுபோனபோது கையையும் காலையும் கதிரையோடு கட்டித் தலையில் ஹெல்மெட் மாட்டியது பற்றியும், மூச்சு எடுக்க முடியவில்லை என்று கண்ட வைத்தியர் அவரை ஏற்ற மறுத்ததால் விமானம் அவர் இல்லாமல் போனது பற்றியும் எழுதியிருந்தார். நான் அதை ரெட்டோவுக்கு வாய்மொழியாகச் சொன்னேன். இன்றைய விடயம் அமெரிக்கா, இதையும் கலந்தால் நாளைக்குப் பத்திரிகையில் வேறு ஏதோ வரும், செய்தி தெளிவாக இருக்க வேண்டும் என்று ரெட்டோ சொன்னார். நான் இரண்டாம் தாளை மடித்து என் ஜாக்கெட்டுக்குள் வைத்தேன். அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இந்த வாக்குமூலத்துடன் அதை ஒப்படைக்கிறேன்.

இராஜசிங்கத்திடம், இரண்டாம் தாளுக்கு நேரம் காணாது என்று சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். அதன் பின்னர் சிரித்தார்.

"நேரமோ? எங்கடை நாட்டிலை அடிச்ச கதையெண்டா இவைக்கு நேரம் இருக்கு. இஞ்சை கட்டின கதையெண்டாத்தான் நேரம் காணாது, என்ன? சரி விடுங்கோ பிள்ளை. நான் பகிடிக்குச் சொன்னன்."

ஒன்று நாற்பது அளவில், கூண்டுக்குள் இருக்க வேண்டிய மூவரில் ஒருவர் காய்ச்சலால் வரவில்லை என்று தெரிந்தது. இரண்டு மணிக்குத் தொலைக்காட்சிக் கமரா வர இருந்தது. ரெட்டோ என்னிடம் வந்து, உங்கள் ஆளை ஐந்து நிமிடம் உள்ளே இருக்கச் சொல்ல முடியுமா, அது இன்னும் உண்மையாக இருக்கும் என்று கேட்டார். நான் இராஜசிங்கத்திடம் தமிழில் கேட்டேன். அவர் ரெட்டோவின் கையில் இருந்த பையைப் பார்த்தார். பின்வருவது அவர் சொன்னது. ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"பையெண்டா எனக்கு ஏலாது பிள்ளை. வேறை என்னெண்டாலும் சொல்லுங்கோ, செய்யிறன். முழங்காலிலை இருக்கவோ, இருக்கிறன். பை வேண்டாம்."

நான் ரெட்டோவுக்கு ஜேர்மனில் சொன்னது: "கொஞ்சம் பதற்றமாக இருக்கிறார், ஆனால் பரவாயில்லை."

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அதிகாரி கேட்கிறார். நான் ஒன்பது வயதிலிருந்து அம்மாவுக்கு மொழிபெயர்க்கிறேன். வீட்டு முகாமையாளர், பல் வைத்தியர், என் வகுப்பு ஆசிரியை, குடிவரவு அலுவலகக் கண்ணாடி யன்னல். பூஞ்சணம் பிடித்த அந்த வீடு வேண்டாம் என்று அம்மா சொல்வார். நான், அம்மா நன்றி சொல்கிறார், யோசித்துப் பார்ப்பாராம் என்பேன். வேலையில் அந்த மேற்பார்வையாளன் தன் மேல் கை வைக்கிறான், அங்கே இனிப் போகமாட்டேன் என்று அம்மா சொன்னார். நான், அம்மாவுக்கு வேறு பகுதியில் வேலை கிடைத்தால் நல்லது என்றேன். மறுத்தால் கோப்பில் எழுதுவார்கள், எழுதினால் விசா போகும் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். என்னுடன் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் எல்லோரும் இப்படித்தான் மொழிபெயர்த்தார்கள். எங்கள் ஆட்கள் வேண்டாம் என்று சொன்னதை நான் ஒருநாளும் ஜேர்மனில் வேண்டாம் என்று சொன்னதில்லை. நன்றாக மொழிபெயர்க்கிறாள் என்றுதான் எல்லோரும் புகழ்ந்தார்கள். இது காரணம். இதைச் சாக்குப்போக்காக எழுத வேண்டாம்.

இதுவும் முழுக் காரணம் இல்லை. உண்மையான ஆள் கூண்டுக்குள் இருந்தால் படம் நன்றாக வரும் என்று நானும் நினைத்தேன்.

அதன் பின்னர் நான் இராஜசிங்கத்திடம், "இது துணிப்பை அண்ணை, மூச்சு விடலாம். அஞ்சு நிமிசம்தான். நான் பக்கத்திலை நிப்பன்" என்றேன். அவர் ஓம் என்று சொல்லவில்லை. சட்டைக்கு மேலாகச் செம்மஞ்சள் உடையை அணிந்தார். பொத்தான்களை நான் போட்டுவிட்டேன்.

பையை மாட்டிக் கைகளைக் கட்டியபோது நான் பக்கத்தில் நிற்கவில்லை. கமரா வந்துவிட்டது, வாசிக்கத் தொடங்கு என்று ரெட்டோ கூப்பிட்டதும் ஒலிவாங்கிக்குப் போனேன். ஒலிபெருக்கிக்கு மின்சாரம் தந்த ஜெனரேட்டர் கூண்டுக்குப் பின்னால், இரண்டு மீற்றர் தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அது பெற்றோலில் ஓடுவது. அந்த மணம் எனக்கு மேடைவரை வந்தது. எனக்கு எதுவும் தோன்றவில்லை. நான் அவருடைய முதலாம் தாளை வாசித்தேன். அதில் பெற்றோல் ஊற்றிய பை பற்றிய பந்தியை நான் ஒலிபெருக்கியில் வாசித்துக்கொண்டிருந்தபோது, அவர் என் முதுகுக்குப் பின்னால் பையுடன் இருந்தார்.

முதலில் "சேர்" என்ற சத்தம் கேட்டது. "சேர், சொல்லுறன் சேர், கழட்டுங்கோ சேர், எல்லாம் சொல்லுறன்" என்று தமிழில் கத்தினார். அந்தச் சதுக்கத்தில் அது விளங்கிய ஒரே ஆள் நான். விளங்கிய பின்னரும் ஏறக்குறைய நான்கு வரிகள் வாசித்தேன். அதன் பின்னர் திரும்பினேன். இராஜசிங்கம் எழும்பியிருந்தார். கைகள் முன்னால் பிளாஸ்திக் பட்டியால் கட்டப்பட்டிருந்தன. காவலாளியாக நடித்த மாணவன் யானிக், ஒத்திகையில் சொல்லிக்கொடுத்தபடி, அவருடைய தோளைப் பிடித்து அமுக்கி, கீழே இரு என்று ஆங்கிலத்தில் கத்தினான். இராஜசிங்கம் தலையால் முட்டினார். அதன் பின்னர் கட்டிய இரண்டு கைகளாலும் அடித்தார். எத்தனை அடி என்று சொல்ல முடியாது, மூன்றுக்கு மேல். யானிக்கின் மூக்கு உடைந்தது, ஒரு முன்பல் விழுந்தது. இருவரும் வேலியோடு சரிந்தார்கள். யாரை அடிக்கிறார் என்று இராஜசிங்கத்துக்குத் தெரிந்திருக்க முடியாது. பை தலையில்தான் இருந்தது.

கூட்டம் கைதட்டியது. இது நிகழ்வின் பகுதி என்று நினைத்தார்கள். யானிக்கின் இரத்தம் தெரிந்த பின்னரே கைதட்டல் நின்றது.

அதன் பின்னர் இரண்டு பொலிசார் வந்து இராஜசிங்கத்தைக் குப்புறப் படுக்க வைத்து, ஒருவர் முழங்காலை முதுகில் வைத்து விலங்கு பூட்டினார். மற்றவர் ஒரு பெண் அதிகாரி. பையைக் கழற்றியது அவர்தான். குழுவில் எவரும் கழற்றவில்லை. நானும் கழற்றவில்லை. இராஜசிங்கத்தின் உடை நனைந்திருந்தது. அந்த அதிகாரி தன் மேலங்கியை எடுத்து அவருடைய இடுப்பில் போட்டார். பின்னர் அவரே என்னிடம், இவர் பை மாட்டச் சம்மதித்தாரா என்று கேட்டார். ரெட்டோ எனக்குப் பக்கத்தில் நின்றார். ஓம் என்றேன்.

அன்று மாலை ரெட்டோ குழுவின் கைபேசி அரட்டையில், இராஜசிங்கத்துக்கு எல்லாம் விளங்கப்படுத்தப்பட்டது, அவர் சம்மதித்தார் என்று எல்லோரும் ஒரே மாதிரிச் சொல்வோம், இல்லாவிட்டால் அமெரிக்காவைப் பற்றி நாங்கள் சொன்னது எல்லாம் வீணாகும் என்று எழுதினார். அதன் பிரதியையும் தருகிறேன். இராஜசிங்கம் எழும்பிய கணத்தில் எடுத்த படம், ஐரோப்பா இதை ஏற்காது என்ற வாசகத்துடன் இப்போதும் குழுவின் இணையப் பக்கத்தில் இருக்கிறது. அது நடிப்பு இல்லை என்று கீழே ஒரு வரியும் இல்லை. அந்தப் படத்தை அகற்றச் சொல்லி மூன்று முறை எழுதினேன். பின்னர் என்னை அரட்டையிலிருந்து நீக்கினார்கள்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை இன்டர்லாக்கன் போனேன். ஹோட்டலின் பின்வாசலில், இடைவேளையில் இராஜசிங்கத்தைச் சந்தித்தேன். தானே விரும்பிப் பையை மாட்டியதாகவும், யாரும் வற்புறுத்தவில்லை என்றும், பிழை முழுவதும் தன்னுடையது என்றும் அவர் ஏற்கனவே வாக்குமூலம் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்.

"விசரே அண்ணை உங்களுக்கு? நீங்கள் மாட்டன் எண்டல்லோ சொன்னனீங்கள்."

"நான் சொன்னது எனக்கும் உங்களுக்கும் தானே தெரியும். உங்களுக்கு இன்னும் பாஸ்போட் வரேல்லை. லோயருக்குப் படிக்கிற பிள்ளை. பொலிஸ் பேப்பரிலை உங்கடை பேர் வரக்கூடாது. போங்கோ, ரயிலைப் பிடியுங்கோ."

அந்தப் பெடியனின் பல்லுக்கு என்ன செய்தார்கள் என்று கேட்டார். புதியது கட்டுகிறார்கள் என்றேன். தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

அவருடைய வாக்குமூலமும் என்னுடையதும் முரண்படுகின்றன. என்னுடையதே உண்மை. இதனால் என் வேலைக்கும் குடியுரிமை விண்ணப்பத்துக்கும் வரக்கூடிய விளைவுகளை அதிகாரி எனக்கு விளங்கப்படுத்தினார். விளங்கியது.

இதன் பின்னர், பதிவு செய்யப்பட்ட ஜேர்மன் வாசகம் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. துணிப்பையை மாட்டக் கேட்டபோது இராஜசிங்கம் தயங்கினார் என்று அதில் இருந்தது. நான் நிறுத்தச் சொன்னேன். திரு. சிறீதரன் என் பக்கம் குனிந்து, "தங்கச்சி, மறுத்தவர் எண்டு போட்டா அது நேரை உங்கடை தலையிலைதான் விழும். தயங்கினவர் எண்டாலும் கருத்துக் கிட்டத்தட்ட ஒண்டுதானே. உங்கடை நன்மைக்குத்தான் அப்பிடிச் சொன்னனான்" என்றார். "ஒண்டில்லை அண்ணை" என்றேன். அதன் பின்னர் அதிகாரியிடம் நானே ஜேர்மனில், அவர் தயங்கவில்லை, மறுத்தார், வேண்டாம் என்று சொன்னார் என்று கூறினேன். அதிகாரி அந்தச் சொல்லை வெட்டி, மறுத்தார் என்று கையால் எழுதினார். திருத்தத்தின் ஓரத்தில் நான் ஒப்பமிட்டேன்.

மேலே உள்ளவை நான் கண்டவை, கேட்டவை, செய்தவை. எவரும் சொல்லித் தந்து நான் சொல்லவில்லை. ஒவ்வொரு பக்கத்தையும் வாசித்து, சரி எனக் கண்டு கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) தர்மிகா பாலச்சந்திரன்
சூரிச், 09.04.2026, முற்பகல் 11.55