லைட் அணைக்கிற ஸ்விட்ச்

– இந்தா, ஹேண்டில் பக்கத்துல கறுப்பா, சுண்டுவிரல் நகம் அளவுக்கு இருக்குல்லா. இத நீங்கதான வச்சுக் குடுத்தீங்க, சாய்நாத் அண்ணே?

– யம்மா, வண்டி இப்பத்தான் லோடு ஆட்டோலேர்ந்து எறங்கிக்கீது. மொதல்ல இந்த ஸ்டூல்ல ஒக்காரு. சக்திவேல் சார் எப்டி கீறாரு? உன் வூட்டுக்காரருக்கு இப்டி ஆச்சுன்னு கேட்டதுலேர்ந்து எனுக்கு சோறு எறங்கல.

– தாடை ஒடஞ்சு, கம்பி போட்டு வாயக் கட்டி வச்சிருக்கு. வலது கையில மாவுக்கட்டு. பேசவும் முடியாது, எழுதவும் முடியாது. என்னப் பாத்தா கண்ண உருட்டி உருட்டி என்னமோ சொல்ல வாராரு. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிடுதேன். கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.

– நாந்தான் வச்சேன். நாலு மாசம் ஆவுது.

– எதுக்கால வாரவன் கண்ணுல படணும்னுதான் கம்பெனிக்காரன் பகல்லயும் லைட் எரியுற மாதிரி, அணைக்க வழியே இல்லாமக் குடுத்திருக்கான். அவன் என்ன கிறுக்கனா? நீங்க பெரிய விஞ்ஞானி, அணைக்கிறதுக்கு ஒண்ணு கண்டுபிடிச்சு மாட்டிவிட்டிருக்கீங்க.

– இன்னா பண்றது சொல்லு. வாரத்துக்கு ரெண்டு பேரு வந்து நிக்கறான். பகல்ல லைட் எரியுது, ரோட்ல மானம் போவுதுன்றான். மந்தவெளிலேர்ந்து அடையாறு போறதுக்குள்ள இருவது பேரு கைய காட்றானாம். வெரல மூடி மூடித் தொறந்து, லைட்டு, லைட்டுன்னு. ஆம்புலன்ஸுக்கு வழி வுட மாட்டான் சிஸ்டர். அடுத்தவன் வண்டில லைட் எரிஞ்சா மட்டும் இவன் வூட்டு கரண்டு போற மாதிரி பதர்றான்.

– அதச் சொல்லுங்க. ஒருநா நான் பின்னால உக்காந்திருக்கேன். பாண்டி பஜார்ல பூக்காரம்மா கைய ஆட்டுது, பஸ் கண்டக்டர் ஆட்டுதான், ஸ்கூல் வேன்ல இருந்து பிள்ளைக மொத்தமும் ஆட்டுது. இவரு ஒவ்வொருத்தருக்கும் பல்லக் காட்டி, இது அணையாது சார், கம்பெனியிலயே அப்படித்தான் சார்னு வெளக்கம் குடுத்துக்கிட்டே ஓட்டுதாரு. ஸ்கூல் பிள்ளைகளுக்கும் சார்னு சொல்லுதாரு, பாத்துக்கிடுங்க. முப்பத்தெட்டு வயசு ஆம்பள. என் வண்டி, என் லைட், ஒனக்கென்னன்னு கேக்க வாய் இல்ல.

– ஒரு தபா அடையாறு சிக்னல்ல யாரோ ஒரு பெரியவரு கைய வுட்டு சாவியவே திருப்பிட்டாராம். பின்னாடி எல்லாம் ஹாரன் அடிக்கறான். அன்னிக்கித்தான் இங்க ஓடியாந்தாரு. ஒரு ஸ்விட்ச் போட்ரு சாய், நிம்மதியா போய்ட்டு வரேன்னாரு.

– நல்லாக் கெடச்சுது நிம்மதி.

– ராத்திரில போட மறந்துடாத சார்னு படிச்சு படிச்சு சொல்லித்தான் மாட்னேன். மெய்யாலுமே சொன்னேன்.

– ரொம்பப் புண்ணியம். அந்தக் கார்க்காரர் ஆஸ்பத்திரி வராண்டாவுல நின்னு அழுதாரு. மழத் தூத்தல், ஆறேகால் மணி, இருட்டிட்டுது, சாம்பல் கலர் வண்டி, சிமெண்ட் கலர் சட்டை, லைட்டே இல்ல, ரோடு காலியா இருக்குன்னுதான் மேடம் திரும்புனேன்னாரு. அவர நான் என்னன்னு ஏச? மினுமினுன்னு ஒரு மஞ்சக் கோட்டு வாங்கிக் குடுத்தேன், தூரத்துல வாரவனுக்குத் தெரியட்டும்னு. அதப் போட்டா ரோடு கூட்டுற ஆள்னு நெனப்பாங்களாம். ரோடு கூட்டுற ஆள் பொழச்சுக் கெடக்கான்லா. அது இப்ப வாஷிங் மெஷின மூடிக் கெடக்கு.

– அதுக்கும் வெக்கமா. சர்தான்.

– எல்லாத்துக்கும் வெக்கம். சொன்ன சொல்லக் காப்பாத்துறதுக்கு மட்டும் வெக்கம் கெடையாது. ஞாயித்துக்கெழம எங்கப்பா வீட்டுக்கு வந்திருந்தாரு. தி.நகர்ல துணிக்கடை வச்சிருக்காரே, அவருதான். அவரு கண்ணுலதான் இந்த ஸ்விட்ச் மொதல்ல பட்டுது. மாப்பிள்ள, இது என்னதுன்னு கேக்காரு. லைட் அணைக்கிறதுக்குன்னு இவரு முனங்குதாரு. எனக்கே அன்னிக்குத்தான் தெரியும். நாலு மாசமா பாப்பாவ முன்னால உக்கார வச்சு, லைட்ட அணச்சுப் போட்டு டான்ஸ் கிளாஸுக்குக் கூட்டிட்டுப் போயிருக்காரு.

– அப்பால?

– பாப்பா தலைல கைய வச்சு சத்தியம் பண்ணச் சொன்னேன். நாளைக்கே சாய் கடைக்குப் போயி கழத்திருதேன்னு பண்ணுனாரு. செவ்வாக்கெழம சாயங்காலம் இந்தா, ஒங்க கடைக்குப் பக்கத்துல கிரீன்வேஸ் ரோட்டுல விழுந்து கெடக்காரு, ஸ்விட்ச் அங்கனயே இருக்கு. பெத்த பிள்ள தலைல அடிச்ச சத்தியம் ரெண்டு நாள் தாங்கல.

– கோவத்துல பேசாத சிஸ்டர்.

– கோவம் செவ்வாக்கெழமயோட முடிஞ்சுபோச்சு. இது முடிவு. எங்கண்ணன் வெளிய கார்ல இருக்கான், பாப்பா அவன்கிட்ட இருக்கு, துணிமணி டிக்கில இருக்கு. நீங்க இதக் கழத்திக் குடுங்க. அவரு கட்டில்ல வச்சிட்டு அப்படியே அப்பா வீட்டுக்குப் போயிருதேன். அவரு அக்கா வந்து பாத்துக்கிடட்டும். வாய் கட்டியிருக்கு, சமாதானம் சொல்ல முடியாது. அதுவும் நல்லதாப் போச்சு.

– அந்த அளவுக்கு இன்னாத்துக்குமா? அவரு டைப் தெரிஞ்சதுதானே. தோ வரேன் சாய்ம்பாரு, மூணு மாசம் ஆளு அட்ரஸே இருக்காது. ஆயில் மாத்தணும்னா கூட நானா போன் போட்டாத்தான் வருவாரு. இந்த மாரி வழவழா கொழகொழா கஸ்டமரு எங்கைல நூறு பேரு கீறான். கோயில்லயும் சத்தியம் பண்ணுவான், வெளிய வந்து செருப்பு மாட்றதுக்குள்ள மறந்துடுவான்.

– அப்போ திங்கக்கெழம வரல.

– திங்கக்கெழமன்னா கடைல சரியான கும்பலு. யாரு வந்தா, யாரு போனான்னு எவன் பாத்தான்?

– வந்தாரா, வரலியா?

– இரும்மா, சின்ன ஸ்க்ரூ ட்ரைவர் எங்கியோ வச்சுட்டேன். தேடிக்கினு கீறேன்ல.

– தேடுங்க. அதுக்குள்ள சாவியப் போட்டு, இது எப்படித்தான் அணையுதுன்னு நானும் பாக்கேன்.

– வேணாம்மா. அதத் தொடாத.

– லைட் எரியல.

– அடிபட்ட வண்டி எப்டிமா எரியும்?

– ஹாரன் அடிக்கி. இண்டிகேட்டர் மின்னுது. அடி பூரா பக்கவாட்டுல. முன் லைட்டு கண்ணாடியில ஒரு கீறல் கூட இல்ல. ஸ்விட்ச இந்தப் பக்கம் தள்ளுனாலும் எரியல, அந்தப் பக்கம் தள்ளுனாலும் எரியல.

– உள்ளாற ஒயரு அறுந்துருக்கும்.

– ஸ்விட்சுக்குக் கீழ தொங்குதே, இதுவா? அண்ணே, நான் துணிக்கடையில பொறந்து வளந்தவ. கிழிஞ்சதுக்கும் கத்தரிச்சதுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியாதா? கார் மோதி அறுந்தா பிசிறு அடிக்கும். இது கட்டர வச்சு நறுக்குனது. நுனியில டேப் சுத்தியிருக்கு. ஊர்ப்பட்ட தூசி வண்டியெல்லாம் அப்பியிருக்கு, டேப்புல மட்டும் ஒரு பொட்டுத் தூசி இல்ல. இது யாரு சுத்துனது?

– ஒக்காரும்மா.

– நிக்கேன். சொல்லுங்க. இவ்வளவு நேரம் வாய் கிழிய அவர ஏசுனீங்கல்லா, இதுக்கும் பதில் சொல்லுங்க.

– திங்கக்கெழம காத்தால நான் ஷட்டரத் தூக்கறப்பவே வாசல்ல நின்னுக்கினு இருந்தாரு. ஆபீஸுக்குக் கூட லேட்டா வரேன்னு சொல்ட்டு வந்துருந்தாரு. பொண்ணு மேல சத்தியம் பண்ட்டேன் சாய், இப்பவே எடுத்துருன்னாரு. ஒயர வெட்னது நாந்தான். பழையபடி சேக்கலாம்னு பாத்தா ஒயர ஒண்ணோட ஒண்ணு மாட்ற கப்ளர், அந்த வண்டிக்கு உண்டானது, கடைல இல்ல. வேற ரெண்டு வண்டி டெலிவரி நிக்குது. டேப்ப சுத்தி, இப்டியே ஓட்டிக்கினு போ, நாளிக்கு வான்னு அனுச்சுட்டேன்.

– லைட்டே இல்லாமயா?

– அவுரும் அதான் கேட்டாரு, ரெண்டு தபா. நான் சிரிச்சேம்மா. நாலு மாசமா அணைச்சுக்கினுதானே ஓட்ன சார், இப்ப இன்னா புதுசா பயம்னு, பசங்க முன்னாடி நக்கல் வுட்டேன். மூஞ்சி சுருங்கிப் போயி கெளம்பிட்டாரு.

– செவ்வாக்கெழம ஏன் வரல? சொல்லுங்க அண்ணே. செவ்வாக்கெழம ஏன் அவரு வரல?

– நாலரைக்கு போன் பண்ணாரும்மா. ஆபீஸ்ல பர்மிஷன் போட்டுட்டேன், வெளிச்சம் இருக்கறப்பவே வந்துடறேன்னாரு. கப்ளர் இன்னும் வாங்கல, ஆறரைக்கு வான்னு நாந்தான் சொன்னேன்.